வான்போர் கண்ட விமானியிடம் என்ன கேட்பது? (1965, 1971: நாட், ஹண்டர்)

பதிவுக்காரன்:

வணக்கம் நண்பர்களே. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் நாட் என்ற சிறிய போர் விமானத்தை ஓட்டிய ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரைக் காணொளியாகப் பதிவு செய்ய இரண்டு அமர்வுகள் கிடைத்திருக்கின்றன. வயது எண்பதை நெருங்குகிறது. பேச்சும் நினைவும் தெளிவு.

கேள்விப் பட்டியல் போட்டுப் பார்த்தேன். "பயமாக இருந்ததா?", "எத்தனை விமானம் வீழ்த்தினீர்கள்?", "அந்தக் கணத்தில் என்ன நினைத்தீர்கள்?" என்றே வந்து நிற்கிறது. இதற்கெல்லாம் அவர் ஐம்பது வருடமாக மேடை மேடையாகப் பதில் சொல்லிச் சலித்திருப்பார்.

எனக்கு வேண்டியது வானத்தில் நிஜமாக நடந்தது. எதிரியை யார் முதலில் பார்த்தார், எப்படிக் குறி வைத்தார், ஏன் குறி தவறியது, எப்போது திரும்பி வர முடிவெடுத்தார். போர் வரலாறு ஓரளவு படித்திருக்கிறேன், ஆனால் காக்பிட் எனக்கு அந்நியம். அவர் ஒரு சொல் சொன்னால் அடுத்த கேள்வியை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் விழிப்பேன். எந்த வரிசையில் கேட்கலாம், எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும், எதைக் கேட்கவே கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஏடன்30:

உங்கள் மூன்று கேள்விக்கும் ஒவ்வொரு வரிதான் பதிலாக வரும்: "இல்லை", "ஒன்று", "கடமையைச் செய்தேன்". அவரைக் குறை சொல்ல முடியாது, கேள்வி அப்படி. சின்னதாகக் கேளுங்கள். கை எங்கே இருந்தது, கண் எங்கே இருந்தது, எரிபொருள் முள் எங்கே நின்றது. இப்படிக் கேட்டால் பயமும் கோபமும் தானாக வெளியே வரும்.

முதல் கேள்வி கேள்வியாகவே இருக்க வேண்டாம். அவருடைய பறப்புப் பதிவேடு, அதாவது லாக்புக், பெரும்பாலும் வீட்டில் பத்திரமாக இருக்கும். அந்த நாளின் வரியை எடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தேதி, விமான வகை, விமான எண், பணி, பறந்த நேரம். முப்பத்தைந்து நிமிடம் என்று இருக்கிறது என்று வையுங்கள். அதில் சண்டை மூன்று நிமிடம் தாண்டியிருக்காது. மீதி முப்பத்திரண்டு நிமிடத்தையும் கேளுங்கள். நேர்காணல் எடுப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் இதுதான்.

சண்டைக்கு முன்: பெல்ட் போட்டபடி காக்பிட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்? மேலே மூடும் கண்ணாடி, அதாவது கனோபி, திறந்திருந்ததா? வெயிலில் நிற்கும் நாட் காக்பிட் அடுப்பு மாதிரி, தோள் இரண்டு பக்கமும் இடிக்கிற அளவு குறுகல். வரைபடத்தை எங்கே சொருகி வைத்தார்? புறப்படு என்ற உத்தரவு எப்படி வந்தது: மணியா, தொலைபேசியா, வண்ண ஒளிக்குண்டு விடும் துப்பாக்கியா? அங்கிருந்து சக்கரம் தரையை விட்டு எழும்பும் வரை எத்தனை நிமிடம்? ஸ்ரீநகரில் இருந்தவர் என்றால் கூடுதலாக ஒன்று. அந்த விமானதளம் சுமார் 5,400 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிவு, ஓடுபாதையில் ஓட்டம் நீளும். 1971 டிசம்பர் 14 அன்று நாட் விமானி நிர்மல் ஜித் சிங் செகோன் அங்கே குண்டு விழும்போதே மேலெழுந்தார். அந்த ஓடுபாதையில் அவர்கள் அன்றாடம் எந்த இடத்தில் விமானத்தைத் தூக்கினார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டால் செகோன் செய்ததன் அளவு புரியும்.

அடுத்தது தரையிலிருந்து வானொலியில் வழிகாட்டும் ரேடார் கட்டுப்பாட்டாளர். அவர் சொன்ன சொற்கள் அப்படியே நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். திசை, தூரம், உயரம் மூன்றும் வரும். பிறகு: "அவர் சொன்ன இடத்தில் எதிரி இருந்தாரா?" பெரும்பாலும் இருக்க மாட்டார். தாழப் பறக்கும் விமானம் ரேடார் திரையில் வருவதும் போவதுமாக இருக்கும், குரலில் வரும் தகவல் எப்போதும் சில நொடி பழையது. வங்க எல்லையில் போய்ராவில் நடந்த வான்சண்டையில், 1971 நவம்பர் 22 அன்று, கொல்கத்தா டம்டம் தளத்திலிருந்து இரண்டு முறை நாட் விமானங்கள் எழும்பியும் பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்கள் கிடைக்கவில்லை, மூன்றாவது முறைதான் சிக்கின. அந்த இரண்டு வெறும் பறப்புகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேளுங்கள்.

பிறகு கூடுதல் எரிபொருள் தொட்டி. "எப்போது கழற்றினீர்கள்? இரண்டும் விழுந்ததா?" இந்த ஒரு கேள்விக்கு அரைமணி பதில் கிடைக்கலாம். ஒரு பக்கத் தொட்டி மட்டும் விழுந்து மற்றது தொங்கிக்கொண்டிருந்தால் விமானம் அந்தப் பக்கம் சாயும், இழுவை கூடும், இறுக்கித் திருப்பினால் சுழற்சியில் விழும் அபாயம். தொடர்வதா திரும்புவதா என்று அங்கேயே முடிவு செய்ய வேண்டும். தொட்டியை முன்கூட்டியே கழற்றியவர் திரும்பி வரும்போது எரிபொருளுக்கு ஏங்கியிருப்பார், தாமதித்தவர் முதல் திருப்பத்திலேயே பின்தங்கியிருப்பார். எது நடந்தது?

இப்போது துப்பாக்கி. நாட்டில் (விமானத்தைச் சொல்கிறேன்) இரண்டு 30 மிமீ ஏடன் பீரங்கிகள், காற்று நுழைவாய் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 115 குண்டு. நிமிடத்துக்கு 1,200 முதல் 1,400 வீதம். கணக்குப் போடுங்கள்: விசையை அழுத்திப் பிடித்தால் சுமார் 5 நொடியில் பெட்டி காலி. ஆகவே ஒரு நொடி, அரை நொடி என்று விட்டுவிட்டுத்தான் சுடுவார்கள். எதிரே இருந்த சேபருக்கு அரை அங்குல இயந்திரத் துப்பாக்கிகள் ஆறு, ஒவ்வொன்றுக்கும் 300 வரை தோட்டா, கிட்டத்தட்ட 15 நொடி. அவர் தாராளமாகத் தூவலாம், இவர் எண்ணி எண்ணிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு 30 மிமீ வெடிகுண்டு இரண்டு மூன்று பட்டாலே போதும். எனவே கேள்வி: "எத்தனை முறை சுட்டீர்கள்? ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம்? திரும்பி வந்தபோது பெட்டியில் எத்தனை குண்டு மிச்சம்?" கடைசிக் கேள்விக்கு அவருக்கு எண் தெரியாவிட்டால் ஆயுதப் பிரிவுத் தொழில்நுட்பர் சொன்னது ஞாபகம் இருக்கும்.

கூடவே "இரண்டு துப்பாக்கியும் சுட்டதா?" என்று கட்டாயம் கேளுங்கள். நாட் விமானத்தில் ஏடன் அடைத்துக்கொள்வது அந்தக் காலத்துப் பழைய தலைவலி. அது ஐந்து அறை கொண்ட சுழல்பீரங்கி, குண்டை மின்சாரத்தால் பற்றவைப்பது. இறுக்கித் திரும்பும்போது குண்டுப்பட்டை பல மடங்கு கனமாகி ஊட்டும் பாதையில் இழுபடும். இணைப்புக் கண்ணி ஒன்று வெளியேறாமல் சிக்கினால் போதும், அந்தப் பக்கம் அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் மூக்கு அந்தப் பக்கம் உதறும், குறி கலையும். ஹண்டர் போர் விமானம் ஓட்டியவர் என்றால் நான்கு ஏடன், ஒரே பெட்டியாகக் கீழிருந்து கழற்றி மாட்டுவது. அதன் மூக்குக்கு அடியில் இரண்டு பக்கமும் புடைப்பு தெரிகிறதே, அது சுட்டபின் விழும் கண்ணிகளைச் சேர்க்கும் கூடு. கண்ணிகள் வெளியே பறந்தால் சொந்த விமானத்தின் வயிற்றிலேயே அடிக்கும்.

---

மேகமூட்டம்:

ஏடன்30 துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டார். எதிர்பார்த்ததுதான், பெயரே அப்படி. எனக்கு அதைவிடக் கண்தான் முக்கியம்.

சண்டையை யார் வெல்வார் என்பது முதல் பார்வையில் பாதி முடிந்துவிடும். ஆகவே "முதலில் எதைப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள், "எதிரியை எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். பதில் பெரும்பாலும் விமானமாக இருக்காது. கண்ணாடியில் பட்ட வெயில் மினுக்கு, தரையில் ஓடும் நிழல், குண்டு விழுந்த புழுதி, புகைக்கோடு. போய்ராவில் சேபர்கள் தரைத்தாக்குதலுக்காகக் குனிந்து எழுந்துகொண்டிருந்தன. அப்படி மேலே ஏறி வரும் விமானம் வானத்தின் பின்னணியில் கருப்பாகத் தெரியும், கீழே வயலோடு ஒட்டிப் பறந்தால் வண்ணப்பூச்சில் மறைந்துவிடும்.

வெறும் நீல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணின் குவியம் தானாக ஒன்றிரண்டு மீட்டருக்குச் சுருங்கிவிடும். தூரத்துப் புள்ளி அப்போது கண்ணில் படவே படாது. பயிற்சி பெற்றவர் ஒரு மேகத்தின் விளிம்பையோ தன்னோடு சோடியாகப் பறக்கும் விமானத்தையோ பார்த்துக் குவியத்தைத் தூரத்துக்குத் தள்ளிவிட்டு மறுபடி துழாவுவார். சூரியன் பக்கம் பார்க்கக் கட்டைவிரலால் வட்டத்தை மறைத்து ஓரங்களைத் தேடுவார். "தேடும்போது தலையை எந்த வரிசையில் திருப்புவீர்கள்?" என்று கேட்டால் உட்கார்ந்த இடத்திலேயே செய்து காட்டுவார். அதை விடாமல் படம் பிடியுங்கள்.

நாட் விமானத்தின் பெரிய கவசமே அதன் சிறுமை. இறக்கை நுனிக்கு நுனி 22 அடிதான், சேபருக்கு 37. நேர் எதிரே வந்தால் எதிரிக்கு அது ஒரு தூசு. ஆனால் அதே காரணத்தால் சொந்த சோடியும் கண்ணிலிருந்து நழுவுவார். "எப்போது உங்கள் சோடியைத் தொலைத்தீர்கள்? எப்படித் திரும்பக் கண்டுபிடித்தீர்கள்?" இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். தொலைப்பது சகஜம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அவர் இளகுவார்.

அடுத்தது திருப்பம். இதற்கு ஒரு கணக்கு தெரிந்துகொண்டு போங்கள். 450 நாட் வேகத்தில் 5 ஜி (உடல் ஐந்து மடங்கு கனக்கும் விசை) இழுத்தால் திருப்பத்தின் ஆரம் சுமார் 1,100 மீட்டர், முழு வட்டத்துக்கு 30 நொடி. அதே 5 ஜியை 300 நாட் வேகத்தில் இழுக்க முடிந்தால் ஆரம் 500 மீட்டர், வட்டம் 20 நொடியில் முடியும். அதனால் வேகமாக வருபவர் வெளியே வீசப்படுவார். (இங்கே நாட் என்றது வேக அளவு, மணிக்கு ஒரு கடல்மைல். விமானமும் நாட், வேகமும் நாட், போதாததற்கு "நாடு" என்ற சொல்லும் "நாட்டில்", "நாட்டை" என்றாகும். இதைப் பற்றிப் பின்னால் யாராவது எழுதுவார்கள்.) சேபர் மெதுவான வேகத்தில் இறுக்கமாகத் திரும்பும். நாட் மேலேறுவதில் கெட்டி. ஆகவே நல்ல கேள்வி: "அவர் உங்களைக் கிடைமட்டத் திருப்பத்துக்குள் இழுத்தபோது நீங்கள் அவரோடு போனீர்களா, மேலே போனீர்களா?" மேலே ஏறி வேகத்தை உயரமாக மாற்றி, தலைகீழாக அவரைப் பார்த்தபடி மறுபடி உள்ளே இறங்குவது அவர்களுக்குப் பாடமாகவே சொல்லித்தரப்பட்டது. செய்தாரா, செய்ய இடம் இருந்ததா? போய்ரா மாதிரி தரையோடு ஒட்டிய சண்டையில் கீழே இறங்க இடமே இருக்காது.

ஜி பற்றி "எவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டால் "பழகிவிடும்" என்பார். "6 ஜியில் பின்னால் எப்படித் திரும்பிப் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து நாற்பது கிலோவை நெருங்கும். இழுப்பதற்கு முன்பே தலையைத் திருப்பிக் கனோபியில் சாய்த்து வைத்துக்கொள்ள வேண்டும், நடுவில் திருப்ப முடியாது. பார்வை ஓரம் சாம்பலாகி, குழாய்க்குள் பார்ப்பதுபோல் சுருங்கி, பிறகு இருட்டும். காது அப்போதும் கேட்கும். "பார்வை போனபின் கேட்ட குரல் எது?" என்பது எனக்குப் பிடித்த கேள்வி.

நெருங்கும் வேகத்தையும் விட்டுவிடாதீர்கள். எதிரியைவிட 150 நாட் கூடுதல் வேகத்தில் 300 மீட்டரிலிருந்து வந்தால் நான்கு நொடியில் அவரைத் தாண்டிவிடுவீர்கள். தாண்டிவிட்டால் இனி அவர் உங்கள் முதுகில். நாட் விமானத்தில் வேகத்தடைக்கென்று தனிப் பலகை கிடையாது. சக்கரங்களைப் பாதி இறக்கினால் அவற்றின் கதவுகளே தடையாக வேலை செய்யும். "சண்டைக்கு நடுவில் சக்கரத்தை இறக்கினீர்களா?" என்று ஒரு வெளியாள் கேட்டால் அவர் நிமிர்ந்து உட்காருவார். பாதி வேலை அங்கே முடிந்தது.

---

பதிவுக்காரன்:

ஏடன்30, மேகமூட்டம் இருவருக்கும் நன்றி. இது நான் எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு. இரண்டு சந்தேகம். அவர் முக்கியமான பறப்புகளில் லீடராக இல்லை, இரண்டாம் விமானமாகத்தான் போனார் என்று தெரிகிறது. இந்தக் கேள்விகள் அவருக்கும் பொருந்துமா? குறிபார்க்கும் கருவி பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள், கண்ணாடியில் வட்டம் தெரியும் என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது.

---

ஏடன்30:

நல்ல வேளை கேட்டீர்கள், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டாம் விமானி, விங்மேன், லீடருக்குப் பின்னால் பக்கவாட்டில் நின்று லீடரின் முதுகைக் காப்பவர். அவர் கண் எதிரிமீது இருந்தால் வேலை சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். அவரிடம் "ஏன் அந்த முடிவை எடுத்தீர்கள்?" என்று கேட்டால் சங்கடப்படுவார், முடிவு அவருடையதல்ல. கேட்க வேண்டியவை: எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் தள்ளி நின்றார். லீடர் திடீரென்று உள்பக்கம் திரும்பினால் மோதாமல் எப்படி மாறிப் போனார். பின்னால் என்ன பார்த்தார். "உடை!" (சட்டென்று திரும்பி விலகு) என்று கத்த வேண்டி வந்ததா, வந்தபோது பெயரோ குறியீடோ சொல்லிக் கத்தினாரா? யார் என்று சொல்லாமல் கத்தினால் நான்கு பேரும் உடைப்பார்கள், சுடவிருந்தவரும் சேர்த்து. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் காதில் கீச்சென்ற சத்தம்தான், இரண்டு செய்தியும் போய்விடும். லீடர் சுடும்போது வெளியேறிய குண்டுக்கூடுகள் தன்மீது படாமல் எங்கே நின்றார் என்பதும் கேட்கத் தகுந்தது. லீடரின் துப்பாக்கி அடைத்து "நீ போ" என்று அவர் விலகினாரா? விங்மேன் சுடுபவராக மாறுவது பல நேரம் அப்படித்தான்.

குறிக்கருவி: நடுவில் ஒரு ஒளிப்புள்ளி, சுற்றிலும் சிறு வைர வடிவங்கள் வட்டமாக. எதிரி விமானத்தின் இறக்கை அகலத்தை முன்கூட்டியே குமிழில் திருப்பி வைக்க வேண்டும். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பிடியை முறுக்க முறுக்க வைர வட்டம் விரியும், சுருங்கும். வைரங்கள் எதிரியின் இறக்கை நுனிகளைத் தொடுமாறு வைத்தால் கருவிக்குத் தூரம் தெரிந்துவிடும். உள்ளே சுழலும் கைரோ, விமானம் திரும்பும் வேகத்தை அளந்து எவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்று புள்ளியை நகர்த்தும். முன்னால் என்றால் எவ்வளவு? குறுக்கே 200 மீ/நொடியில் போகும் விமானத்தை 400 மீட்டரிலிருந்து சுட்டால் குண்டு போய்ச் சேர ஏறக்குறைய அரை நொடி. அதற்குள் அவர் சுமார் நூறு மீட்டர் நகர்ந்திருப்பார், அதாவது தன் நீளத்தைப் போல் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு.

சிக்கல் என்னவென்றால் புள்ளி நிலைக்கக் குறைந்தது ஒரு நொடியாவது உதறாமல் பின்தொடர வேண்டும். ஸ்டிக்கை, அதாவது கட்டுப்பாட்டுக் கோலை, வெடுக்கென்று இழுத்தால் புள்ளி கண்ணாடியின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் பலரும் கருவியை நிலைப்புள்ளிக்கு மாற்றிவிட்டு, நெருங்கி, கண்ணளவில் சுட்டார்கள். "கைரோவில் சுட்டீர்களா, நிலைப்புள்ளியிலா? இறக்கை அகலம் எத்தனை அடி வைத்திருந்தீர்கள்? முறுக்குப் பிடியைத் தொட நேரம் இருந்ததா?" மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். "எவ்வளவு தூரத்தில் சுட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். மனதில் தூரம் எப்போதும் தப்பும். "கண்ணாடியில் அவர் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தார், வட்டத்தை நிறைத்தாரா?" என்று கேட்டு, காகிதத்தில் வரையச் சொல்லி, பிறகு நீங்கள் தூரம் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

---

கொக்கி:

இடையில் ஒன்று. இவர்கள் சொன்ன எல்லாம் துப்பாக்கிச் சண்டைக்கு. நீங்கள் பின்னால் மிக்-21 ஓட்டியவரையும் சந்திப்பீர்கள் என்றால் பட்டியல் மாறும். 1971-இல் நம்மிடமிருந்த எஃப்எல் வகையில் உள்ளே துப்பாக்கியே இல்லை. எதிரியின் எஞ்சின் வெப்பத்தைத் தேடிப் போகும் கே-13 ஏவுகணை இரண்டு. தேவைப்பட்டால் வயிற்றுக்கு அடியில் ஜிபி-9 துப்பாக்கிக் கூடு, 200 குண்டு, நான்கு நொடிகூடத் தாங்காது. கே-13 அப்படியே அமெரிக்க சைட்விண்டரின் மறுபதிப்பு. பாகிஸ்தானின் சேபர், ஸ்டார்ஃபைட்டர் விமானங்கள் கொண்டிருந்ததும் அதே குடும்பம், அதே குறைகள். வால்பக்கம் குறுகிய கூம்புக்குள்ளிருந்துதான் ஏவ முடியும். கிலோமீட்டருக்குள் நெருங்கிவிட்டால் பயனில்லை. ஏவும்போது 2 ஜிக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தால் குறி நழுவும். சூரியனையும் வெயிலில் காய்ந்த தரையையும் பார்த்து ஏமாறும். இலக்கைப் பிடித்ததும் காதில் உறுமும். ஆகவே கேள்வி: "உறுமல் எப்படி இருந்தது, எதிரியைப் பார்த்து உறுமியதா தரையைப் பார்த்தா, எப்படிப் பிரித்தறிந்தீர்கள்?"

---

நாடாப்பேழை:

மேலே சொன்னவர்கள் வானத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் தரைக்கு வருகிறேன். நல்ல கேள்வி இருந்தும் கெட்டுப்போகும் பதிவுகள் அதிகம்.

விமானி கையால்தான் பேசுவார். வலது கை எதிரி, இடது கை அவர் விமானம். தொலைக்காட்சிக்காரர் மாதிரி முகத்தை மட்டும் நெருக்கி எடுத்தால் சண்டை முழுவதும் சட்டகத்துக்கு வெளியே நடக்கும். இடுப்பிலிருந்து தலைக்கு மேல் ஒரு முழம் வரை சட்டகத்தில் வையுங்கள். இன்னொரு கேமரா இருந்தால் மேலிருந்து மேசையை நோக்கி. மேசையில் இரண்டு நிறத்தில் சிறு விமானப் பொம்மைகள், நான்கு வைத்தால் உத்தமம். அளவு ஒன்றாக இருக்க வேண்டும். நாட் பெரிதாகவும் சேபர் சிறிதாகவும் இருந்தால் அவர் பாதி நேரம் அதைத் திருத்திக்கொண்டிருப்பார். வெற்றுக் காகிதம், பேனா, அந்தப் பகுதியின் வரைபடம். அவர் "இங்கே", "இப்படி" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அதாவது அவர் உங்களுக்கு நாலு மணித் திசையில், மேலே." இல்லாவிட்டால் வெறும் ஒலியைக் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது.

ஜெட் சத்தத்தில் வாழ்ந்தவர்களுக்கு உச்ச ஸ்தாயி கேட்பது மங்கியிருக்கும். கத்தக்கூடாது. நேரே எதிரில், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்கார்ந்து தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். இரண்டு பதிவுக்கருவி, ஒன்று காலர் மைக்கில், ஒன்று மேசையில். ஒரு அமர்வு எழுபத்தைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், காலையில் வையுங்கள். இரண்டு அமர்வுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டால் விட்டுப்போனவை அவருக்கே நினைவுக்கு வரும். இரண்டாவது அமர்வின் முதல் பத்து நிமிடம் அதற்கே.

நினைவு எப்படித் தவறும் என்று தெரிந்துகொண்டு போங்கள். நிமிடக்கணக்கு தவறும். இரண்டு நிமிடம் பத்து நிமிடமாகும், அல்லது கண்சிமிட்டலாகும். வரிசை அவ்வளவு எளிதில் தவறாது. ஆகவே "எப்போது?" என்று கேட்காமல் "தொட்டியைக் கழற்றியதற்கு முன்பா பின்பா?" என்று ஒரு செயலோடு கட்டிக் கேளுங்கள். பிறகு படித்தது, நண்பர் சொன்னது, தானே பார்த்தது மூன்றும் ஐம்பது வருடத்தில் ஒன்றாகப் பிசைந்துவிடும். "இது உங்கள் கண்ணால் பார்த்ததா, இறங்கியபின் அறையில் பேசும்போது தெரிந்ததா?" என்று மென்மையாகக் கேட்டால் அவரே பிரித்துக் கொடுப்பார்.

வீழ்த்திய கணக்கு. இதுதான் நெருப்பு. போய்ராவில் அன்று மூன்று சேபர் வீழ்ந்ததாகச் சொல்லப்பட்டது. இரண்டு விழுந்தன, விமானிகள் இருவரும் பாராசூட்டில் இறங்கிச் சிறைபட்டார்கள். மூன்றாவது அடிபட்டும் தப்பித் திரும்பியது. சுட்டவர் பொய் சொல்லவில்லை. புகை கக்கிக்கொண்டு தாழ்ந்து மறையும் விமானத்தைப் பார்த்தவருக்கு அது விழுந்ததாகத்தான் தெரியும். தலைகீழான உதாரணமும் உண்டு. 1965 செப்டம்பர் 7 பாகிஸ்தானின் சர்கோதா தளத்தின் மீதான தாக்குதலில் இந்திய விமானி தேவய்யா தன் மிஸ்டேர் விமானத்தோடு திரும்பவில்லை. அவர் ஒரு ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தினார் என்பது பல ஆண்டு கழித்து எதிர்த்தரப்புத் தகவல் வழியே வெளிவந்து, 1988-இல்தான் மகா வீர் சக்ரா கிடைத்தது. அதே நாள் பாகிஸ்தான் விமானி ஆலம் ஐந்து ஹண்டரை வீழ்த்தியதாகச் சொன்ன கணக்கு இன்றும் வழக்காடப்படுகிறது. எனவே "எத்தனை?" என்று கேட்காதீர்கள். "குண்டு பட்டதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? மினுக்கா, துண்டு பறந்ததா, புகை எந்த நிறம்? கடைசியாக அதைப் பார்த்தபோது எந்த உயரத்தில், எந்தப் பக்கம் போனது?" வெள்ளை என்றால் எரிபொருள் கசிவாக இருக்கலாம், கருப்பு என்றால் எரிகிறது. விசையை அழுத்தியதும் ஓடும் துப்பாக்கிக் கேமராவின் படச்சுருளை அவர் பிறகு பார்த்தாரா, பார்த்தபோது தன் நினைவிலிருந்து என்ன மாறுபட்டது என்றும் கேளுங்கள். நீங்கள் படித்த கணக்கோடு அவர் சொல்வது ஒத்துப்போகாவிட்டால் அங்கே திருத்தாதீர்கள். பிறகு அடிக்குறிப்பில் போடுங்கள்.

எழுத்தாக்கம் செய்யும்போது மேகமூட்டம் சொன்ன அந்த நாட் குழப்பம் வரும். தட்டச்சு செய்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "நாட்டை விட்டுக் குதித்தார்" என்று எழுதிவிட்டால் பாராசூட்டில் இறங்கியவர் அகதியாகிவிடுவார். விமானத்துக்கு "நாட் விமானம்", வேகத்துக்கு "கடல்மைல் வேகம்" என்று ஒரே முறையைக் கடைசிவரை பிடியுங்கள். அடி, யார்டு, பவுண்டு என்று அவர் சொன்னால் அப்படியே விடுங்கள், மீட்டராக மாற்றினால் அவருடைய பேச்சு போய்விடும்.

---

மேகமூட்டம்:

கேட்கக்கூடாதது என்ன என்றும் கேட்டிருந்தார், யாரும் தொடவில்லை.

"கொன்றபோது எப்படி இருந்தது?" வேண்டாம். அதற்குப் பதில் "பாராசூட் திறந்ததைப் பார்த்தீர்களா?" கேளுங்கள். பார்த்தேன் என்றால் முகம் மலரும், இல்லை என்றால் அவர் பேச்சு நின்ற இடத்திலிருந்து நீங்களே புரிந்துகொள்ளலாம். போய்ராவில் குதித்துப் பிடிபட்ட பர்வைஸ் மெஹ்தி குரேஷி 1997-இல் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியானார். அந்தத் தகவலைச் சொல்லி, எதிரே பறந்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்டால் நீண்ட பேச்சுக்கு வழி திறக்கும்.

திரும்பி வராத சக விமானியின் பெயரை நீங்களாக முதலில் எடுக்காதீர்கள். அவர் எடுத்தால், அந்தச் சக விமானி எந்த எண் விமானத்தில் போனார், கடைசியாக வானொலியில் என்ன கேட்டது என்பதோடு நிறுத்துங்கள். குடும்பத்தைப் பற்றிய கேள்வி கேமரா அணைந்தபின். சங்கேதச் சொல், ரேடார் நிலையம் இருந்த இடம் பற்றி அவர் தவிர்த்தால் இரண்டாம் முறை கேட்க வேண்டாம்.

இன்னொன்று, அடிக்கடி விடுபடுவது: இறங்கியபின் ஏணியில் முதலில் ஏறி வந்த தொழில்நுட்பர் யார், என்ன சொன்னார். எல்லோரும் விமானியின் பெயரைப் பதிவு செய்கிறார்கள். குண்டுப்பட்டையைக் கையால் கோத்தவரின் பெயர் அவர் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

---

பதிவுக்காரன்:

வரிசையை இப்படி வைத்திருக்கிறேன்: லாக்புக் வரி, காத்திருப்பு, ரேடார் குரல், முதல் பார்வை, தொட்டி, சோடி எங்கே நின்றார், திருப்பம், குறிக்கருவி, சுட்ட முறை, குண்டு பட்ட அடையாளம், எரிபொருள், திரும்பிய வழி, ஏணி. முதல் அமர்வில் தொட்டி வரை மட்டும். பொம்மைகள் ஒரே அளவில் கிடைக்கவில்லை, அட்டையில் 22 அடிக்கும் 37 அடிக்கும் விகிதம் பார்த்து வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

---

ஏடன்30:

அட்டையே போதும். சேபரின் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்தது, நேராக வெட்டிவிடாதீர்கள். முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.